விட்டுப் பார்க்கிற ஆடு

1

போன வெள்ளிக்கிழமை எங்கள் ஆய்வகத்தில் கேக் வெட்டினோம். கேக் முயல் வடிவத்தில் இருந்தது. வெள்ளை க்ரீமில் உடம்பு, பாதாம் சீவலில் காது, கண்ணுக்கு ஒரு சிவப்பு மிட்டாய். எங்கள் சோதனை முறைக்கு அரசாங்கத்தின் ஏற்பு கிடைத்து ஓர் ஆண்டு ஆனதைக் கொண்டாடுவதற்காக அந்தக் கேக். ஷாம்புவோ தரை கழுவும் திரவமோ கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள இனி முயலின் கண் வேண்டாம், சின்னக் கிண்ணத்தில் நாங்கள் வளர்க்கும் மனிதச் செல் போதும். ஏற்பின் சாரம் அவ்வளவுதான். அதைக் கொண்டாட முயலையே வெட்டலாம் என்று எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ தெரியவில்லை. ஜெர்மன்காரர்கள் யாருக்கும் அதில் ஒன்றும் உறுத்தவில்லை.

"நீங்கள்தான் மூத்தவர், நீங்கள் வெட்டுங்கள்" என்று இயக்குநர் கத்தியை என் கையில் கொடுத்தார். நான் வாலிலிருந்து ஆரம்பித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். காதுக்குப் போட்டி இருந்தது. கண்ணை மட்டும் யாரும் தொடவில்லை. கடைசியில் மேசை துடைக்க வந்த பெண் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனாள்.

குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். என் குடும்பம் என்பது பதினாறு வயது மகள் கயல் மட்டும்தான். அவள் அப்பாவும் நானும் பிரிந்து பல வருடமாகிறது. "செத்தவர்கள் பேரில் கேக் சாப்பிட நான் வர மாட்டேன்" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு அவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்கு என் மேல் கோபம் இருந்ததே தவிர, அன்றைக்கு வரைக்கும் வெறுப்பு இல்லை. இதை எழுதும் இன்று இருக்கிறது. நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான்.

2

என் தொழிலை ஊரில் உள்ளவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் நான் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. ஜெர்மனிக்கு வந்த புதிதில் வீட்டுக்கார அம்மாளுக்குச் சொன்னது அதைவிட மோசம். அரைகுறை ஜெர்மனில், "முயல்களின் கண்ணுக்கு மாற்று செய்கிறேன்" என்று சொல்ல நினைத்து, "முயல்களின் கண்ணை மாற்றுகிறேன்" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் மடியில் இருந்த பூனையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். வாடகை கேட்க வந்தால்கூட அதன் பிறகு பூனையைக் கொண்டு வந்ததில்லை.

பழைய முறை இப்படி. முயலைத் தலை மட்டும் வெளியே தெரிகிற பெட்டியில் வைப்பார்கள். ஒரு கண்ணின் கீழ் இமையை இழுத்து உள்ளே மருந்தை விடுவார்கள். மறு கண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அப்படியே விடுவார்கள். பிறகு நாள் கணக்கில் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். சிவப்புக்கு இவ்வளவு, வீக்கத்துக்கு இவ்வளவு, பூ விழுந்தால் இவ்வளவு. முயலை ஏன் பிடித்தார்கள் என்றால், அதற்குக் கண் பெரிது, கண்ணீர் குறைவு, சத்தம் போடாது. அழத் தெரியாத பிராணியாகப் பார்த்துப் பிடித்திருக்கிறார்கள்.

இதற்கு மாற்று கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை. மாற்றை நம்ப வைப்பதுதான் பெரிய காரியம். என் வேலை அந்தப் பகுதியில். மூன்று ஊர்களில் உள்ள மூன்று ஆய்வகங்களுக்கு எண் மட்டும் ஒட்டிய குப்பிகள் போகும். உள்ளே இருப்பது என்ன என்று யாருக்கும் தெரியாது. சிலது கண்ணைக் கெடுக்கும், சிலது தண்ணீர் மாதிரி சாது. மூன்று இடத்திலும் செல்லின் மேல் ஊற்றிப் பார்த்து எது கெடுதல், எது சாது என்று சொல்வார்கள். அந்த விடை சரியா தவறா என்று எதை வைத்து முடிவு செய்வது? முயலை வைத்துத்தான். எப்போதோ குருடாகிச் செத்த முயல்களின் பழைய மதிப்பெண்கள் கோப்பில் இருக்கின்றன. அவற்றோடு பொருந்தினால் எங்கள் முறை பாஸ், பொருந்தாவிட்டால் ஃபெயில். முயலிலிருந்து விடுதலை வாங்க முயலிடமே கையெழுத்து வாங்க வேண்டும். இதைச் சொன்னால் கூட்டங்களில் கைதட்டுவார்கள். அதனால் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன்.

கயல் சின்ன வயதில் என் வேலையைப் பள்ளியில் பெருமையாகச் சொல்லுவாள். "என் அம்மா முயல்களைக் காப்பாற்றுகிறாள்" என்று படம்கூட வரைந்தாள். பதினான்கு வயதில் ஒரு நாள், செல்லை வளர்க்க என்ன ஊற்றுகிறீர்கள் என்று கேட்டாள். கன்றுக்குட்டி ரத்தத்தின் தெளிநீர் என்றேன். எந்தக் கன்றுக்குட்டி என்று விடாமல் கேட்டாள். அறுக்கப்பட்ட சினைப்பசுவின் வயிற்றில் இருந்தது என்று சொல்ல வேண்டியதாயிற்று. பொய் சொல்லியிருக்கலாம், எனக்கு அந்தச் சமயத்தில் பொய் வரவில்லை. அன்றிலிருந்து அவள் பால் குடிப்பதில்லை, என் வேலையைப் பற்றிப் பேசுவதும் இல்லை. தமிழும் குறைந்துகொண்டே வந்தது. என்னோடு சண்டை போட ஜெர்மன்தான் அவளுக்கு வசதி.

3

எங்கள் ஊர் இடைசெவலைத் தாண்டி, தார் ரோட்டை விட்டு இறங்கிக் கரிசலுக்குள் போக வேண்டும். அப்பா ஆடு வைத்திருந்தார், இப்போது தம்பி சுடலைமுத்து வைத்திருக்கிறான். வேம்பூர்ப் பொட்டாடு, வெள்ளை உடம்பில் செவலைப் பொட்டு. அறுப்பு முடிந்த காடுகளில் மேய விடுவதும், காட்டுக்காரர் கேட்டால் உரத்துக்குக் கிடை போடுவதும்தான் பிழைப்பு. பேட்டிக்கு வருகிறவர்களிடம், பிராணிகள் மேல் இருந்த பிரியத்தால் இந்தத் துறைக்கு வந்தேன் என்று சொல்வேன். ஆட்டுக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு ஆட்டின் மேல் என்ன பிரியம் இருக்க முடியும். உதவித்தொகை கிடைத்தது, வந்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சோளம் அறுத்த காட்டில் கோடை மழை ஒன்று விழுந்தால், அறுத்த கட்டையில் மறுபடியும் துளிர் வரும். மறுதாம்பு என்போம். பச்சையைப் பார்த்தே பல நாளான ஆடு அதைக் கண்டால் விடாது. ஆனால் அந்தத் துளிர் மேல் வெயில் காய்ந்து அது வாடிக் குறுகினால் உள்ளே விஷம் ஏறிவிடும். சயனைடு. எந்தக் காட்டில் ஏறியிருக்கிறது, எதில் இல்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பக்கத்துப் பக்கத்துக் காடே வேறு வேறாக இருக்கும். அதனால் மந்தையில் ஒரு நொண்டியோ கிழடோ பார்த்து ஒதுக்கி வைத்திருப்பார்கள். புதுக் காட்டில் முளை அடித்து, நீளக் கயிற்றில் அதை முதலில் கட்டிவிட்டு ஒதுங்கிவிடுவார்கள். ஒரு டீ குடித்து வரும் நேரம். வந்து பார்க்கும்போது அது நின்று அசை போட்டுக்கொண்டிருந்தால் மந்தையை உள்ளே விடலாம். விழுந்து கிடந்தால் குழி தோண்ட வேண்டியது. அதற்கு "விட்டுப் பாக்குத ஆடு" என்று பெயர். அதற்குத் தனியாகப் பேர் வைக்க மாட்டார்கள், அதன் குட்டியை விற்க மாட்டார்கள், செத்தால் கறி போட மாட்டார்கள்.

படித்துவிட்டு வந்த பிறகு ஒருமுறை சுடலையிடம் சொன்னேன், "ஏலே, நான் அங்க முயலுக்குப் பதிலா வேற வழி தேடுதேன். நீ இங்க ஆட்டக் கட்டிச் சோதிக்க."

"நீ முயலுக்கு வேற வழி தேடுத, சரி. இந்த ஆட்டுக்கு என்ன வழி வச்சிருக்க யக்கா?" என்றான்.

அவன் பதிலுக்காகக் கேட்கவில்லை, ஆட்டை அவிழ்க்கப் போய்விட்டான்.

4

போன வருடம் பங்குனியில் கயலுக்கு ஈஸ்டர் விடுமுறை. அப்பா இறந்து வாரிசுச் சான்றிதழ் வாங்காமல் கிடந்ததால் அவளையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். அவளுக்கு ஊர் பிடிக்காது, கக்கூஸ் பிடிக்காது, வெயில் பிடிக்காது என்று நான் ஒரு பட்டியலே வைத்திருந்தேன். மூன்றாம் நாள் பார்த்தால் அவள் மாமன் பின்னாலேயே காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்த வருடத்து விட்டுப் பாக்குத ஆடு ஒரு கிழட்டுப் பெட்டை, முன்னங்கால் நொண்டி. அதற்கு லோட்டே என்று ஒரு ஜெர்மன் பெண்ணின் பேரை வைத்துவிட்டாள்.

"லோட்டாவா? செம்புக்குத்தான் அப்படிப் பேரு வைப்பாவ" என்று சுடலை சிரித்தான்.

இன்னொரு வேடிக்கை, அவள் ஆட்டுக்கு மரியாதை கொடுத்துப் பேசுவாள். எங்கள் நகரத்தில் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில், யாரைப் பற்றியும் 'அவர்கள்' போட்டுப் பேசினால் தப்பு வராது என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதனால், "லோட்டே தண்ணி குடிச்சாங்க", "லோட்டேக்குக் கால் வலிக்குது, அவங்க மெதுவா வருவாங்க" என்பாள். ஊர்ப் பெண்கள் வேண்டுமென்றே பேச்சுக் கொடுத்துக் கேட்பார்கள். சுடலையும் கேலிக்கு, "அவிய சாப்பிட்டாவளா மருமவளே?" என்று கேட்பான். நான் அவளை அவ்வளவு சிரித்துப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது.

லோட்டே எதற்காகத் தனியாகக் கட்டப்படுகிறது என்று ஒருநாள் அவள் கேட்டாள். சுடலை ஒளிவுமறைவு தெரியாதவன். "விஷம் இருந்தா இது சாவும், மத்தது பொழைக்கும்" என்று சொல்லிவிட்டான். அன்று மாலை அவள் என்னிடம் வந்து, "உனக்கு இது தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். "நீ இதைத் தடுக்க மாட்டாயா? இதுதானே உன் வேலை?" என்றாள். என் வேலை ஷாம்பு என்றேன். எரிச்சலில் சொன்னதுதான். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

5

சில நாள் கழித்து ஒரு காலை நான் கோவில்பட்டி தாலுகா அலுவலகத்தில் இருந்தேன். அங்கே எனக்கு ஒரு புதுச் சிக்கல். நான் ஜெர்மன் குடியுரிமை வாங்கியவள். "வெளிநாட்டுக்காரங்க பேரை வாரிசுல சேக்கலாமான்னு மேல கேக்கணும் மேடம்" என்றார் அலுவலர். அப்படியானால் என் பேரை விட்டுவிட்டுத் தம்பி பேரில் மட்டும் கொடுங்கள் என்றேன். "அதெப்படி, நீங்களும் மகதானே. ஒங்கள விட்டுட்டுக் குடுத்தா நாளைக்கு நீங்களே வந்து கேஸ் போடுவீங்க" என்றார். சேர்க்கவும் முடியாது, விடவும் முடியாது. நான் மகள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று அவர் அடுத்த கேள்விக்கு வந்தபோது ஃபோன் அடித்தது. சுடலையின் மனைவி பேச்சியம்மாள்.

"மயினி, ஆடு பூரா விழுது. டாக்டரக் கையோட கூட்டிட்டு வாங்க."

கால்நடை மருத்துவரை ஆஸ்பத்திரியில் பிடித்து அவர் காரிலேயே போனோம். நாங்கள் போவதற்கு முன்பே கறிக்கடைக்காரர் ஒருவர் லோடு ஆட்டோவை ரோட்டோரம் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். செய்தி அவருக்கு எப்படிப் போகிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம். காடு முழுக்க ஆடு கிடந்தது. வாயில் நுரை, தலை பின்னால் வளைந்து, கால் நாலும் தரையில் கிடந்தபடியே ஓடிக்கொண்டிருந்தன. நாக்கு மட்டும் நல்ல ரோஸ் நிறம். ஆசையாகத் தின்றது முதலில் விழுந்திருக்கிறது, பின்னால் வந்தது பிறகு விழுந்திருக்கிறது என்று என் புத்தி தானாகக் கவனித்தது. அதை நிறுத்த எனக்குத் தெரியவில்லை.

மருத்துவரிடம் ஊசி மருந்து கொஞ்சம்தான் இருந்தது. "எந்த ஆட்டுக்குப் போடணும்னு சீக்கிரம் காட்டுங்க, யோசிக்க நேரமில்ல" என்றார். சுடலை நடந்து நடந்து கையைக் காட்டினான். சினை ஆட்டுக்குக் காட்டினான். கிடாயைத் தாண்டிப் போனான். பால்குட்டி உள்ள ஒன்றைக் காட்டிவிட்டு, அதற்குள் அது அடங்கிவிட்டதால் அடுத்ததுக்குப் போனான். அவன் எதைத் தாண்டினானோ அதெல்லாம் அவனைப் பார்த்துக்கொண்டே செத்தது. மருந்து தீர்ந்ததும் மருத்துவர் ஊசியைத் துடைத்துப் பையில் வைத்தார். மந்தையில் முக்கால்வாசி போய்விட்டது.

நடுக்காட்டில், முளையில் கட்டியபடி லோட்டே நின்றுகொண்டிருந்தது. வயிறு நிறைந்து அசை போட்டுக்கொண்டிருந்தது.

"இது தின்னு நல்லா நின்னுச்சே டாக்டரு. பாத்துட்டுத்தானே மந்தைய விட்டேன்" என்று சுடலை திரும்பத் திரும்பச் சொன்னான். மருத்துவருக்கும் புரியவில்லை. "ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒடம்பு வேற" என்று ஏதோ சொல்லி வைத்தார். இறைச்சியை விற்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கறிக்கடைக்காரர் முனகிக்கொண்டே ஆட்டோவைத் திருப்பினார். ஜேசிபி வந்து குழி தோண்டியது.

6

சாயந்திரம் கயல் சொன்னாள். நானும் பேச்சியம்மாளும் இருந்தோம். அவள் மாமன் முன்னால் போய் நின்று, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்.

"மாமா, நீங்க டீக்குப் போனப்ப நான் லோட்டேவ அவுத்துட்டேன். அவங்க அந்தச் செடி சாப்பிடல. மரத்துக்குக் கீழ கூட்டிட்டுப் போய்ப் புண்ணாக்கு குடுத்தேன். அவங்களுக்கு வயிறு நெறஞ்சப்பறம், நீங்க வர்றதுக்குள்ள திரும்பக் கட்டிட்டேன்."

சுடலைக்கு முதலில் ஏறவில்லை. மறுபடியும் சொல்லச் சொன்னான். மறுபடியும் சொன்னாள், அதே வாக்கியங்களை அதே வரிசையில். ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். முந்தின இரண்டு காடும் நன்றாக இருந்ததால் இதுவும் நன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்தாளாம். ஒன்றும் ஆகாது, லோட்டேக்கு மட்டும் ஒருநாள் ஆபத்துத் தப்பும் என்று நினைத்தாளாம்.

அவன் அடிப்பான் என்று நான் எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எல்லாருக்கும் நல்லதாகப் போயிருக்கும். அவன் கையைக்கூடத் தூக்கவில்லை. "ஒண்ணு சாவக் கூடாதுன்னு நெனச்ச, சரி. அத அவுத்தியே, அந்த எடத்துல என்னத்த வச்ச?" என்று கேட்டான். அவளுக்குக் கேள்வி புரியவில்லை. நான் ஜெர்மனில் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம், புரியாமலே போயிருக்கலாம். அவள் முகம் அப்போதுதான் மாறியது.

மிச்சம் இருந்த நாட்களில் சுடலை லோட்டேயை வீட்டு வாசலிலேயே கட்டிவைத்தான். வேறு யாரையும் அதற்குத் தீனி போட விடவில்லை. காலையில் கயல் எழுந்து வந்ததும் தழைக்கட்டை அவள் கையில் கொடுத்து, "நல்லாப் போடு மருமவளே. மந்தை பங்கு பூராவும் இனி அவியளுக்குத்தான்" என்பான். சிரித்துக்கொண்டேதான் சொல்வான். ஒருநாள் விடவில்லை. நாங்கள் விமானம் ஏறப் புறப்பட்ட காலையிலும் சொன்னான். அவள் ஒவ்வொரு தடவையும் தழையை வாங்கிப் போட்டாள். என் தம்பிக்கு இவ்வளவு குரூரம் உண்டு என்று எனக்கு முன்பே தெரியும், ஒரே வீட்டில்தானே வளர்ந்தோம்.

7

ஜெர்மனிக்குத் திரும்பிய பிறகு கயல் சரியாகச் சாப்பிடவில்லை. பள்ளியில் ஆலோசகரிடம் அனுப்பினார்கள். அவர் என்னைக் கூப்பிட்டு, "கலாச்சார மோதல்" என்று ஒரு சொல்லைச் சொன்னார். ஆடு செத்ததில் என்ன கலாச்சாரம் என்று கேட்டேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

ஒன்று மட்டும் நடந்தது. சனிக்கிழமைதோறும் கயல் மாமனுக்கு வீடியோவில் பேசுவாள். எனக்குத் தெரிந்து அவள் தமிழ் பேசியது அந்த நேரத்தில்தான். சுடலை ஃபோனை லோட்டேயின் மூஞ்சிக்கு நேராகப் பிடிப்பான். "அவங்க நல்லா இருக்காங்களா?" என்பாள். "இருக்காவ, இருக்காவ" என்பான். கடன்பட்டுப் புது மந்தை பிடித்திருந்தான். அதிலும் நொண்டி லோட்டேதான் முன்போலவே முதலில் போனது. மழைக்காலம் முழுக்கப் பயிர்க்காடு என்பதால் ஆபத்து இல்லை. பங்குனி வந்தால்தான் பயம். அதை நான் சொல்லவில்லை, அவளே கணக்குப் பார்த்து வைத்திருந்தாள்.

மாசி மாதம் அவள் என் அறைக்கு வந்தாள். சோள இலையில் விஷம் இருக்கிறதா என்று காட்டும் மஞ்சள் காகிதம் ஒன்று இருக்கிறதாமே, இலையைக் கசக்கி போத்தலில் போட்டு மேலே காகிதத்தைத் தொங்கவிட்டால், விஷம் இருந்தால் செங்கல் நிறமாகிவிடுமாமே என்றாள். உண்மைதான், பழைய முறை, எனக்கும் தெரியும். எனக்கு அது ஞாபகத்துக்கு வராமல் போனதுதான் அதிசயம். "அம்மா, இது உன் வேலைதானே" என்றாள். இந்த முறை அவள் குரலில் கேலி இல்லை. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக என் வேலையைக் கௌரவமாகச் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தக் கால்நடை மருத்துவரைப் பிடித்தேன். அவர் காகிதத்தைத் தயாரித்து, எப்படிச் செய்ய வேண்டும் என்று சுடலைக்குக் கற்றுக் கொடுத்தார். அன்றைக்குக் கயல் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். "இனிமேல் லோட்டேக்கு ஓய்வு" என்றாள்.

சுடலை மட்டும் ஃபோனில் கேட்டான். "யக்கா, காயிதம் சொல்லுதது சரின்னு எப்படி நம்ப? இது நம்ம காட்டுச் சோளத்துக்கும் சொல்லுமா? மந்தைய வச்சில்லா வெளாடணும்."

ஊரில் இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. என் தொழிலே இந்தக் கேள்விதான். நான் உற்சாகமாகிவிட்டேன். எப்படி நம்புவது என்று அரைமணி நேரம் அவனுக்கு வகுப்பு எடுத்தேன். புது முறை சொல்வதையும் பழைய முறை சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றேன். விஷம் உள்ளதிலும் பார்க்க வேண்டும், இல்லாததிலும் பார்க்க வேண்டும், ஒருதடவை பொருந்தினால் அது அதிர்ஷ்டமாகக்கூட இருக்கலாம் என்றேன். நான் எங்கள் மூன்று ஆய்வகங்களை நினைத்துக்கொண்டு பேசினேன். அவன் நடுநடுவே "ம், ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

8

கேக் வெட்டிய வெள்ளிக்கிழமைக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை. மதியம் நானும் கயலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சுடலை கூப்பிட்டான். கை எச்சிலாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"யக்கா, ஒங் காயிதம் கெட்டிக்காரக் காயிதம். தெக்குக் காட்டு மறுதாம்பு எடுத்துப் போட்டேன், செங்கலாப் போச்சு."

"அப்பாடா. அப்ப மந்தைய அங்கன விடாத."

"மந்தைய விடுவனா. நீ சொன்னாப்புல பழைய முறையவும் பக்கத்துல வச்சிப் பாத்தேன். அந்த நொண்டிய அங்கனயே கட்டுனேன். விழுந்திருச்சு. ரெண்டும் ஒண்ணாத்தான் சொல்லுது."

என் வாயில் முதலில் வந்த சொல்லை நான் எழுதத்தான் வேண்டும். "எவ்வளவு நேரத்துல?" என்று கேட்டேன்.

"ஒரு டீ நேரம்கூட இல்ல" என்றான்.

கயல் கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். ஃபோனின் பக்கம் குனிந்து, "மாமா, லோட்டே இப்ப எங்க இருக்காங்க?" என்று தமிழில் கேட்டாள். அவள் அங்கே இருப்பது அவனுக்குத் தெரியாது.

"அவிய வேல முடிஞ்சிது தாயி. இனி காயிதம் பாத்துக்கிடும்" என்றான். கேலியாகச் சொன்ன மாதிரி இல்லை.

அவள் எழுந்து என்னைப் பார்த்தாள். நான் அவனிடம் சொன்ன வகுப்பு முழுவதும் அவளுக்குத் தெரியும், பக்கத்து அறையில் இருந்து கேட்டிருக்கிறாள். குளிர்ச்சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அன்று மாலை அவள் அப்பா ஃபோன் செய்து, இனிமேல் கயல் தன்னோடுதான் இருப்பாள், அவளே கேட்கிறாள் என்றார். அவளுடைய துணிகளை எடுக்க இன்று காலை வந்து போனார்.

ஆனால் அந்த மதியம் ஃபோன் இன்னும் அணையவில்லை.

"அழுதாளா?" என்றான் சுடலை.

"இல்ல, போயிட்டா."

"யக்கா, ஒரு தடவ பொருந்துனாப் போதாதுன்னியே. சந்தையில ஒண்ணுக்கும் ஒதவாத ரெண்டு கழிசல் ஆடு பாத்து வாங்கி வச்சிருக்கேன். விடவா வேண்டாமா? நீ சொல்லுததுதான்."

அவன் கேட்டது சரியான கேள்வி. ஒரு காட்டில் ஒரு ஆடு விழுந்ததை வைத்து ஒரு காகிதத்தை நம்பக் கூடாது. காகிதம் ஒருநாள் பொய் சொன்னால் கடன்பட்டு வாங்கிய மந்தை முழுவதும் மறுபடியும் குழிக்குள் போகும். எங்கள் கூட்டத்தில் யாராவது ஒரே ஒரு சோதனையோடு வந்து நின்றால் நானே கேலி செய்து அனுப்புவேன். வாசல் கதவு இன்னும் திறந்தே கிடந்தது, குளிர்காற்று உள்ளே வந்தது. மகளின் பின்னால் ஓடியிருக்கலாம். படிக்கட்டில் அவள் இறங்கும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"விட்டுப் பாரு" என்றேன்.

எந்த ஆட்டை எந்தக் காட்டில் கட்டுவது என்று கேட்டான். அதையும் நான்தான் சொன்னேன்.